குழலாயி ஏன் ஒரு பிள்ளையோடு நிறுத்திக்கொண்டாள்

அந்தக் காலத்தில் கண்ணுக்குத் தெரிந்தவை மட்டுமல்ல, தெரியாதவையும் பேசிக்கொண்டிருந்தன. மரம் பேசியது, மீன் பேசியது என்றால் எல்லாரும் தலையாட்டுவார்கள். நான் சொல்லப்போவது அவற்றைவிட மிகச் சின்ன ஆட்களின் கதை. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

அப்போது உடம்பு என்று ஒன்று உண்டாகியிருக்கவில்லை. கை, கால், தலை, வயிறு எதுவும் கிடையாது. ஆறு கடலில் கலக்கிற கழிமுகத்தில், வெதுவெதுப்பான கலங்கல் தண்ணீரில், ஒற்றை அறை வீடுகள் மட்டும் மிதந்துகொண்டிருந்தன. சுவர் என்று பார்த்தால் மெல்லிய தோல். உள்ளே கஞ்சி போலக் கொழகொழவென்று ஒரு நீர். படித்தவர்கள் இன்றைக்கு அந்த வீட்டுக்குச் செல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் வைக்க அவர்களுக்குச் சொல்லியா தர வேண்டும்?

வீடு சின்னது, குடித்தனம் பெரிது. அடுப்பு ஊதி வீட்டைச் சூடாக வைத்திருக்கும் உலைக்காரர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். வீட்டுக்கு வேண்டிய சாமான்களை மணி மணியாகக் கோத்துத் தருகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். நடுவில் ஓர் உள்ளறை. அதற்குள் நூல்கண்டுகள். அடுப்பு எப்படி எரிய வேண்டும், சுவர் எப்படி நிற்க வேண்டும், எவன் எந்த வேலையைச் செய்ய வேண்டும் என்பதெல்லாம் அந்த நூல்களில்தான் முறுக்கி வைத்திருந்தது. ஒவ்வொரு கண்டும் ஒவ்வொரு ரகம். ஒரு ரகம் குறைந்தாலும் வீடு நிற்காது.

அந்த உள்ளறைச் சுவரோரம் ஒருத்தி இருந்தாள். அவள் பெயர் குழலாயி. அழகி என்று சொல்ல முடியாது. ஒன்பது கம்புகளை வட்டமாக நிறுத்திக் கட்டிய அடியில்லாத கூடை, ஒரு குழல், அவ்வளவுதான் அவள். ஆனால் வீட்டில் அவளைப் போல இன்னொருத்தி கிடையாது. உலைக்காரன் ஒருவன் செத்தால் பக்கத்தில் இன்னொருவன் ஊதிக்கொண்டிருப்பான். மணி கோக்கிறவன் ஒருவன் காணாமல் போனால் யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. குழலாயிக்கு அப்படி ஒரு கூட்டம் இல்லை.

அவளுடைய வேலை வீடு பிரிகிற நாளில்தான் வரும். வீடு தின்று பருத்து, இனித் தாங்காது என்கிற அளவுக்கு வந்துவிட்டால் அது இரண்டாகப் பிரிய வேண்டும். பிரிவதற்கு முன் உள்ளே இருக்கிற ஒவ்வொரு நூல்கண்டும் தன்னைப் போலவே இன்னொன்றைத் திரித்துக்கொண்டு, அதைக் கட்டிப்பிடித்தபடி இரட்டையாக நிற்கும். அந்த இரட்டைகள் வீட்டின் நடுவே வரிசைகட்டி நின்றதும், இந்தக் கோடியிலிருந்து ஒரு குழலும் அந்தக் கோடியிலிருந்து ஒரு குழலும் கயிறு வீசிப் பிடித்து இழுக்க வேண்டும். இழுத்து இறுகியதும், வாய்க்கட்டு போட்டு மூலையில் உட்கார்த்தியிருக்கும் கத்தரியின் கட்டு அவிழும். அது வந்து இரட்டைகளை வெட்டிப் பிரிக்கும். ஒரு பாதி இந்தப் பக்கம், ஒரு பாதி அந்தப் பக்கம். பிறகு வீட்டின் இடுப்பு ஒடுங்கும், நடுவில் சுவர் எழும்பும், இரண்டு வீடாகிவிடும்.

ஒற்றைக் குழல் இரண்டு கோடியில் நிற்க முடியாது. அதனால் அந்த நாள் வருவதற்குள் குழலாயி ஒரு பிள்ளை பெற்றாக வேண்டும். வாழைக்குப் பக்கக்கன்று விடுகிற மாதிரி அவள் விலாவில் ஒரு முளை கிளம்பும். வளரும், பிறகு உதிர்ந்து தனியாக நிற்கும். எப்போது பெற வேண்டும், எத்தனை பெற வேண்டும் என்று அந்தக் காலத்தில் ஒரு முறையும் இல்லை. அவள் மனசுக்குத் தோன்றுகிறபோது பெற்றுக்கொள்வாள். வீடு பிரிந்ததும் பிள்ளை சுவருக்கு அந்தப் பக்கம் போய்விடும். இவள் இந்தப் பக்கம் தனியாக நிற்பாள். கொஞ்ச நேரம் சுவரில் சாய்ந்திருப்பாள். பிறகு கழிமுகத்து நீரோட்டம் அந்த வீட்டை எங்கேயோ இழுத்துக்கொண்டு போய்விடும்.

இது ஒரு தடவை நடந்தால் தாங்கலாம். ஒவ்வொரு சுற்றும் நடந்தது. உலைக்காரர்களும்தான் பாதிப்பாதியாகப் பிரிந்து போனார்கள். ஆனால் கூட்டத்தில் பாதி போனாலும் மிச்சம் கூட்டம்தானே? அவர்கள் வழக்கம்போல அடுப்பை ஊதினார்கள், சிரித்தார்கள். குழலாயிக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் வீடே காலியானது.

அவளோடு உட்கார்ந்து பேச ஒருவன்தான் இருந்தான். அவன் கூவன், வீட்டின் தமுக்குக்காரன். வீடு பிரிந்து அடங்கியதும் அவன் பிறப்பான். பிறக்கும்போது துளியளவு இருப்பான். வெளியிலிருந்து சாப்பாடு வர வர வளர்வான். ஆளாகிக் குரல் கனத்ததும் தமுக்கை எடுத்துக்கொண்டு உள்ளறை வாசலில் போய் அடிப்பான். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் நூல்கண்டுகள் இரட்டிக்கத் தொடங்கும். அதோடு அவன் வேலை தீர்ந்தது. பிறகு மெலிந்து மெலிந்து, வீடு பிரிவதற்குள் இல்லாமலே போய்விடுவான். அடுத்த சுற்றுக்கு வேறொரு கூவன் பிறப்பான். அதே பெயர், அதே முகம். ஞாபகம் மட்டும் இருக்காது.

அதனால் ஒவ்வொரு கூவனும் குழலாயியைப் பார்த்ததும் முதலில் கேட்பது, "நீங்க யாரு?" என்பதுதான். அவளும் சலிக்காமல் சொல்வாள். தன் பெயர், தன் வேலை, போன பிள்ளைகள் எல்லாவற்றையும் சொல்வாள். சொல்லி முடித்து அவன் அவளை ஆத்தா என்று கூப்பிடத் தொடங்கும் நேரம், அவனுக்குத் தமுக்கு எடுக்கிற நேரம் வந்துவிடும்.

ஒரு சுற்றில் குழலாயிக்கு மனசு விட்டுப்போயிற்று. அப்போதுதான் ஒரு மகளை அனுப்பியிருந்தாள். நல்ல சூட்டிகையான பெண், நிறையப் பேசுகிறவள். அவள் போன பிறகு வீட்டில் அடுப்பு ஊதுகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லாத மாதிரி இருந்தது. அவள் முகத்தைப் பார்த்த உலைக்காரன் ஒருவன், ஆறுதல் சொல்லும் நினைப்பில், தனிமரம் தோப்பாகாது என்று ஒரு பழமொழியை உதிர்த்துவிட்டுப் போனான். பழமொழி சொல்கிறவர்களுக்கு அதனால் என்ன விளையும் என்ற கவலை எப்போதும் இருந்ததில்லை.

குழலாயி அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சுற்றுக் கூவன் தமுக்கு அடித்தான். உள்ளறைக்குள் நூல்கண்டுகள் ஒவ்வொன்றும் துணை திரித்து அதைக் கட்டிக்கொண்டதை அவள் பார்த்தாள். உயிரில்லாத நூலுக்குக்கூட அணைத்துக்கொள்ள ஒன்று இருக்கிறதே என்று அவளுக்குப் பொறாமையாக இருந்தது. இங்கே ஒன்று, அங்கே ஒன்று, மேலே ஒன்று என்று விலாவைச் சுற்றி மூன்று பெண்களைப் பெற்றாள். மூன்றும் வளர்ந்து உதிர்ந்ததும் ஆசை அடங்காமல் நாலாவதாக ஒன்றைப் பெற்றாள். கடைசியாகப் பிறந்தவளுக்குத் தங்காயி என்று பெயர் வைத்தாள். அவள் குட்டையாக, முளையாகவே, அம்மாவின் இடுப்பில் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

வீடு களைகட்டியது. குழலாயி பெரிய பெண்கள் மூவருக்கும் கயிறு வீசக் கற்றுக்கொடுத்தாள். அவர்கள் விளையாட்டாக உலைக்காரர்கள் மேல் கயிறு வீசித் தரதரவென்று இழுத்தார்கள். இழுபட்டவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். பிடித்தால் விடக்கூடாது என்பதுதான் அவள் சொன்ன ஒரே பாடம். பிடித்ததை எப்படி விடுவது என்று சொல்லித்தர அவளுக்குத் தோன்றவில்லை. அவளுக்கே அது தெரியாது.

கூவன் அப்போது பாதியாக மெலிந்திருந்தான். மெதுவாக வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஆத்தா, நூலு ரெண்டு ரெண்டாத்தான் நிக்குது. இழுக்க நாலு பேரு இருக்கீங்களே?"

"அதனால என்ன?"

"ரெண்டா இருக்கறத நாலு பேரு எப்படிப் பங்கு போடுவீங்க?"

குழலாயிக்குக் கோபம் வந்தது. சந்தோஷத்தில் இருக்கிறவளிடம் கணக்குக் கேட்டால் கோபம்தானே வரும்? "நாளைக்கு இருக்கப்போறியா நீ? இல்லாம போறவனுக்கு இருக்கறவ கஷ்டம் என்னடா தெரியும்?" என்றாள்.

கூவன் எழுந்து போய் உள்ளறை வாசலில் உட்கார்ந்துகொண்டான். அவன் எப்போது இல்லாமல் போனான் என்பதைக்கூடக் குழலாயி கவனிக்கவில்லை. அவள் பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருந்தாள்.

வீடு பிரிகிற நாள் வந்தது. உள்ளறைச் சுவர் கரைந்தது, இரட்டை நூல்கள் நடுவே வந்து நின்றன. குழலாயி கயிறு வீசினாள். மூன்று பெண்களும் மூன்று பக்கமிருந்து வீசினார்கள். ஊர் கூடி இழுத்தால்தான் தேர் நகரும் என்பார்கள். ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் தேர் என்ன ஆகும் என்பதை அன்றைக்கு அந்த வீடு பார்த்தது.

"விடுங்கடி" என்று குழலாயி கத்தினாள். அவர்கள் இன்னும் பலமாகப் பிடித்தார்கள். பிடித்தால் விடக்கூடாது என்றுதானே அம்மா சொல்லியிருந்தாள். எல்லாக் கயிறும் இறுகியதைப் பார்த்துக் கத்தரியின் வாய்க்கட்டு அவிழ்ந்தது. அதற்கு இறுக்கம்தான் தெரியும், திசை தெரியாது. அது வந்து வெட்டியது.

குழலாயியின் கயிறு பழகிய கயிறு. ஒவ்வொரு இரட்டையிலிருந்தும் ஒன்று அவள் பக்கம் வந்து சேர்ந்தது. மிச்சமிருந்ததை மூன்று பெண்களும் கைக்கு வந்தபடி பிய்த்துக்கொண்டு போனார்கள். வீடு ஓர் இடத்தில் அல்ல, பல இடத்தில் ஒடுங்கியது. சுவர்கள் கோணல்மாணலாக எழும்பின. குழலாயிக்கும் இடுப்பில் ஒட்டியிருந்த தங்காயிக்கும் ஒரு முழு வீடு கிடைத்தது. மற்ற மூவருக்கும் அரைகுறை வீடுகள்.

மூத்தவளின் வீட்டில் அடுப்பு எரிகிற விதத்தைச் சொல்லும் நூல் இல்லை. அவள் வீடுதான் முதலில் சில்லிட்டது. நடுவுள்ளவளின் வீட்டுக்குச் சுவர் கட்டும் நூல் இல்லை, அது நீரில் கரைந்தது. இளையவள் கொஞ்சம் தாக்குப்பிடித்தாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அம்மா அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். குழலாயி இந்தப் பக்கம் சுவரில் முகத்தை வைத்து அழுதாள். கையிலிருந்த கயிறுகளையெல்லாம் சுவரில் வீசிப் பார்த்தாள். சுவரைத் தாண்டிப் போகிற கயிறு அவளிடம் இல்லை. பிறகு கூப்பிடுகிற குரலும் நின்றுபோயிற்று.

தோப்பு வைக்க ஆசைப்பட்டவள் அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. தங்காயியை இடுப்போடு இறுக்கிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி கிடந்தாள். அடுத்த சுற்றுக் கூவன் பிறந்து, தவழ்ந்து வந்து, நீங்க யாரு என்று கேட்டபோதும் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் மறுபடி கேட்ட பிறகுதான் எல்லாவற்றையும் சொன்னாள். போன கூவனிடம் தான் கோபத்தில் சொன்ன வார்த்தையையும் மறைக்காமல் சொன்னாள்.

"நானா அப்படிக் கேட்டேன்?" என்றான் கூவன்.

"நீதான். வேற கூவன், ஆனா நீதான். மன்னிச்சிரு தம்பி."

அவன் யோசித்தான். "எனக்கு ஞாபகம் இல்ல ஆத்தா. ஞாபகம் இருந்தாலும் பரவால்லன்னுதான் சொல்லியிருப்பேன்."

அதைக் கேட்டுக் குழலாயி இன்னொரு முறை அழுதாள். இனிமேல் பிள்ளையே வேண்டாம் என்று சபதம் செய்தாள். தானும் தங்காயியும் ஆளுக்கொரு கோடியில் நின்று இழுத்தால் போதும், இந்தச் சுற்று நல்லபடியாக முடிந்துவிடும் என்றாள். கூவன் ஆமாம் என்றான். கொஞ்சம் கழித்து, அப்புறம் தங்காயி அந்தப் பக்கம் யாரோடு இருப்பாள் என்று கேட்டான். ஒவ்வொரு பிரிவிலும் தான் இந்தப் பக்கம் நின்று பட்ட பாட்டைத்தான் குழலாயி இவ்வளவு காலமும் நினைத்திருந்தாள். அந்தப் பக்கம் போனவளும் அதேபோலத் தனியாகத்தான் நின்றிருப்பாள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

ஆக, ஒன்று வேண்டும். ஒன்றுக்கு மேல் கூடாது. தனக்கு ஒன்று, தங்காயிக்கு ஒன்று. பிரியும்போது அவரவர் பிள்ளையோடு பிரிய வேண்டும். இதுவரைக்கும் சரி. ஆனால் எப்போது பெறுவது? தன் மனசைக் கேட்டால் அது இப்போதே என்று சொல்லும் என்று குழலாயிக்குத் தெரியும். தனிமையில் இருக்கிறவள் மனசு நல்ல நேரம் பார்த்தா பேசும்? அதனால் அவள் கூவனிடம் ஒரு வாக்குக் கேட்டாள்.

"நீ அடிக்கிற தமுக்கு இங்கயும் கேக்குதுல்ல. இத்தன நாளும் அது நூலுக்குப் போடுற சத்தம்னு காதுல வாங்காம இருந்துட்டேன். இனிமே அது எனக்கும்தான். நூலு எப்ப இரட்டிக்குதோ அப்பத்தான் நாங்களும் பெறுவோம். நீ ஒரு சுற்றுக்கு ஒருவாட்டிதானே அடிப்ப?"

"ஒருவாட்டிதான். அதுக்கு மேல நான் இருக்க மாட்டேனே."

"அது போதும்."

இன்னும் ஒரு முடிச்சு பாக்கி இருந்தது. தமுக்குச் சத்தம் கேட்டு ஒன்று பெற்ற கையோடு, ஆசை மிஞ்சி இன்னொன்று பெற்றுவிட்டால்? அதற்கும் அவளே ஒரு வழி கண்டாள். இடுப்பில் ஒரு பிள்ளை ஒட்டியிருக்கிறவரைக்கும் இன்னொரு முளை விடுவதில்லை. பிள்ளையும் அம்மாவின் இடுப்பில் ஒட்டியிருக்கிறவரைக்கும் தான் ஒன்று பெறுவதில்லை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒட்டியிருக்கிற பிள்ளையை யார் விலக்குவது? எந்தத் தாய் அதைத் தானாகச் செய்வாள்? குழலாயி தன் இடுப்பைப் பார்த்தாள். தங்காயி கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். போன மூன்று பேருக்குப் பிறகு மிஞ்சியவள் அவள் ஒருத்திதான்.

குழலாயி எழுந்து கத்தரியிடம் போனாள். புதிய நூல்கள் இன்னும் திரிக்கப்படாததால் அதற்கு வாய்க்கட்டு போட்டிருக்கவில்லை. நூல்களைப் பிரிக்கிற அதே வெட்டில் என் பிள்ளையையும் என் விலாவிலிருந்து பிரித்துவிடு, ஒவ்வொரு சுற்றும், நான் கேட்டாலும் கேட்காவிட்டாலும், என்று அதனிடம் வேண்டினாள். கத்தரிக்குப் பேச்சு வராது. அது அவள் முகத்தைப் பார்த்தது, பிறகு தங்காயி ஒட்டியிருந்த இடத்தைப் பார்த்தது. குழலாயி கண்ணை மூடிக்கொண்டு விலாவைக் காட்டினாள்.

ஒரே ஒரு வெட்டு. தங்காயி உதிர்ந்து தள்ளி நின்றாள். பிறந்ததிலிருந்து அவள் தனியாக நின்றதே இல்லை. என்னம்மா பண்ணின என்று கேட்டு அழுதாள். குழலாயி ஓடிப்போய் மறுபடி அணைத்திருப்பாள். ஆனால் அணைத்தால் மறுபடி ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து அணைக்கவில்லை. ஒரு மெல்லிய நாரை எடுத்து ஒரு முனையைத் தன்மேல் கட்டி, மறு முனையை மகள்மேல் கட்டினாள். தளர்வாகத்தான் கட்டினாள். ஒட்டவும் ஒட்டாது, தொலைந்தும் போகாது.

அந்தச் சுற்றில் கழிமுகத்தில் மழை பொய்த்தது. ஆற்றில் தண்ணீர் வரவில்லை, தண்ணீரோடு வருகிற சாப்பாடும் வரவில்லை. உலைக்காரர்கள் அடுப்பைத் தணித்துவிட்டுச் சுருண்டு படுத்துக்கொண்டார்கள். கூவன் வளரவே இல்லை. துளியளவிலேயே நின்றுவிட்டான், பேசக்கூடத் தெம்பில்லை. கூவன் ஆளாகாவிட்டால் தமுக்கு இல்லை. தமுக்கு இல்லாவிட்டால் பிள்ளை இல்லை.

குழலாயிக்கு அதற்கு முன்னும் தனிமை உண்டு. அதெல்லாம் சும்மா என்று சொல்கிற அளவுக்கு இருந்தது இந்தக் காத்திருப்பு. வீடு முழுக்கத் தூக்கம். நாரின் அந்த முனையில் மகள், இந்த முனையில் தாய். நடுவில் பேச ஒன்றும் மிச்சமில்லை. விலாவில் முளை விடுகிற இடம் ஊறிக்கொண்டே இருந்தது. நினைத்தால் அந்த நிமிஷமே பெற்றுக்கொள்ளலாம். தடுக்க யாரும் இல்லை, பார்க்கவும் யாரும் இல்லை.

தங்காயிதான் முதலில் கேட்டாள். "அம்மா, ரொம்ப பயமா இருக்கு. ஒண்ணே ஒண்ணு பெத்துக்கறேனே."

"தமுக்குச் சத்தம் கேக்கட்டும்."

"கேக்கவே கேக்காட்டி?"

"கேக்காட்டி வேணாம்."

"உனக்கு ஆசையா இல்லியா?"

"உன் அக்காமாரும் நான் ஆசைப்பட்டுப் பெத்ததுதான் கண்ணு" என்றாள் குழலாயி.

தங்காயி அதற்குமேல் கேட்கவில்லை. நாரை மட்டும் அவ்வப்போது லேசாக இழுத்துப் பார்ப்பாள். அம்மா திருப்பி இழுப்பாள். அந்த வறட்சி முழுக்க அவர்களுக்குள் இருந்த பேச்சு அவ்வளவுதான்.

பிறகு ஒரு நாள் மலையில் பெய்த மழை ஆற்றில் வந்தது. கழிமுகம் செந்நிறமாகக் கலங்கியது. சாப்பாடு வந்தது, அடுப்புகள் எரிந்தன, கூவன் மளமளவென்று வளர்ந்தான். ஆளானதும் அவன் உள்ளறை வாசலுக்குப் போகுமுன் குழலாயியைத் திரும்பிப் பார்த்தான். பிறகு தமுக்கை அடித்தான். அந்தச் சத்தத்தில் நூல்கள் இரட்டிக்கத் தொடங்கின. அதே சத்தத்தில் குழலாயியின் விலாவில் ஒரு முளை, தங்காயியின் விலாவில் ஒரு முளை. ஆளுக்கு ஒன்று. அம்மாவுக்குக் குறுக்காக, இடுப்பில் சாய்ந்தபடி அவை வளர்ந்தன.

குழலாயி பேத்தியைப் பார்த்தாள், தன் கைக்குழந்தையைப் பார்த்தாள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. விலாவில் வேறெங்கும் ஊறவில்லை. இடுப்பில் ஒன்று இருந்ததால் மற்ற இடமெல்லாம் தானாக அடங்கிவிட்டிருந்தது.

கூவன் மெலியத் தொடங்கினான். இந்த முறை அவள் அவனை வாசலில் தனியாக உட்கார விடவில்லை. அருகில் கூப்பிட்டு வைத்துக்கொண்டாள். தமுக்கு நன்றாகக் கேட்டதா என்று அவன் திரும்பத் திரும்பக் கேட்டான். நன்றாகக் கேட்டது என்று அவளும் திரும்பத் திரும்பச் சொன்னாள். அப்படிக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவன் கரைந்துபோனான்.

வீடு பிரிகிற நாள் நெருங்கியது. அம்மாவும் மகளும் ஆளுக்கொரு கோடிக்குப் போக வேண்டும். நார் இருந்தால் போக முடியாது. குழலாயி தன் கையாலேயே அதை அவிழ்த்தாள். தங்காயி தன் குழந்தையோடு நகரத் தொடங்கி, பாதி வழியில் நின்றாள்.

"அம்மா, அங்க நிக்கறப்ப நீ இருக்கியான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நூலு நடுவுல நிக்கும்ல. நான் இழுத்தா உன் கயிறு இறுகும். நீ இழுத்தா என் கயிறு இறுகும். அறுபடற வரைக்கும் நாம கையப் புடிச்சிருக்கோம்னு நெனச்சுக்க."

தங்காயி போனாள். உள்ளறைச் சுவர் கரைந்து, இரட்டை நூல்கள் நடுவே வந்து நின்றன. இரண்டு கோடியிலிருந்தும் கயிறுகள் பறந்தன. குழலாயி இழுத்தாள். அந்தப் பக்கமிருந்து மகள் இழுப்பது கயிறு வழியாக அவள் கைக்கு வந்து சேர்ந்தது. நடுவில் ஒரு நூல் கோணலாக நின்றதால் இரண்டு பேரும் சிறிது நேரம் இழுத்துப் பிடித்தபடியே காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தச் சிறிது நேரம் இன்னும் கொஞ்சம் நீளாதா என்று குழலாயி ஏங்கினாள். வேண்டுமென்றே கயிற்றைத் தளர்த்தினால் நீளும். அவள் தளர்த்தவில்லை. கோணல் நூலும் நேரானது. கடைசிக் கயிறும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இறுகியது. அந்த இறுக்கத்துக்குத்தான் கத்தரி காத்திருந்தது.

அது வெட்டியது. நூல்கள் பிரிந்து பாதிப்பாதியாக இரண்டு பக்கமும் ஓடின. ஒரு ரகம் குறையவில்லை. குழலாயியின் கையில் கயிறு சட்டென்று தளர்ந்தது. அதே நொடியில் அவள் விலாவிலிருந்த குழந்தையும் உதிர்ந்து தள்ளி நின்றது. கேட்ட வாக்கைக் கத்தரி காப்பாற்றியிருந்தது. வீட்டின் இடுப்பு ஒடுங்கி, சுவர் எழும்பியது. அந்தப் பக்கத்து வீடு நல்ல சூட்டோடு, அடுப்புச் சத்தத்தோடு, நீரோட்டத்தில் நகர்ந்துபோனது. அதற்குள்ளே தங்காயி தன் குழந்தைக்கு ஒரு நார் தேடிக்கொண்டிருப்பாள் என்று குழலாயி நினைத்தாள். பிறகு தானும் ஒரு நாரைத் தேடினாள்.

அதன் பிறகு எத்தனையோ வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உடம்பாயின, கை கால் முளைத்தது, நீங்களும் நானும் ஆனோம். குழலாயியின் வம்சம் நம் உடம்பிலும் அந்த முறையைத்தான் வைத்திருக்கிறது. நூல் இரட்டிக்கிறபோது மட்டும் பிள்ளை, ஒரு சுற்றுக்கு ஒன்றே ஒன்று, அதுவும் நூலைப் பிரிக்கிற வெட்டிலேயே தாயை விட்டு விலகிவிடும். எங்காவது ஒருத்தி முறை தவறி அதிகம் பெற்றால் அந்த வீடு குலைந்துபோகும், சில சமயம் உடம்பென்னும் ஊரையே குலைக்கும். உங்கள் முழங்காலில் போன வாரத்துச் சிராய்ப்பு ஆறிப் புதுத்தோல் வந்திருந்தால் ஒருமுறை தடவிப் பாருங்கள்: அந்த இடத்தில் வீடுகள் பிரிந்து பெருகியபோது எண்ணமுடியாத தாய்மார்கள் மகளை இறுகப் பிடித்து, பிடி மிக இறுகிய நேரத்தில் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள், அன்றைக்குக் குழலாயி தளர்த்தாமல் பிடித்ததிலிருந்துதான் காயம் என்று ஒன்று ஆறுகிறது.